காவலுக்கு ஆள் தேவை

தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. அவற்றைத் தொடர்ந்து பார்த்துக்கொள்பவர்களோ சில நூறு பேருக்குள்தான். சம்பளம் இல்லாத, பெயர்கூட வெளியில் வராத அந்த வேலை எப்படி நடக்கிறது? அதில் ஏன் இன்னும் நிறையப் பேர் சேர வேண்டும்?

வயதான நடிகர் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாக மாலையில் செய்தி வருகிறது. இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப் குழு ஒன்றில் யாரோ அவர் படத்துக்கு மாலை போட்டு, ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று அனுப்புகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அது ஊரெல்லாம் பரவிவிடுகிறது. அந்த வேகத்தில் தமிழ் விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய கட்டுரையைத் திறக்கும் ஒருவர், ‘தொகு’ பொத்தானை அழுத்தி, பிறந்த தேதிக்குப் பக்கத்தில் இறந்த தேதியைச் சேர்க்கிறார். ‘நடித்துவருகிறார்’ என்பதை ‘நடித்துவந்தார்’ என்று மாற்றிச் சேமிக்கிறார்.

அந்த மாற்றம் ‘அண்மைய மாற்றங்கள்’ என்ற பட்டியலில் ஒரு வரியாக வந்து விழுகிறது. பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தன்னார்வலர் சேலத்தில் இருக்கலாம், யாழ்ப்பாணத்தில் இருக்கலாம், டொராண்டோவிலும் இருக்கலாம். அவர் அந்த வரியைச் சொடுக்கியதும் திரை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் பழைய வரி, வலப்பக்கம் புதிய வரி, மாறிய சொற்களுக்கு மட்டும் வண்ணம். மேற்கோள் எதுவும் தரப்படவில்லை. அவர் நாளிதழ்களின் தளங்களைத் திறந்து பார்க்கிறார். குடும்பத்தாரின் அறிவிப்பும் இல்லை, மருத்துவமனையின் அறிக்கையும் இல்லை. மாற்றத்தை நீக்கிப் பழைய வரிக்கே மீளமைத்து, ‘உறுதியான செய்தி இல்லை’ என்று ஒரு வரிக் குறிப்பு எழுதுகிறார். ஐந்தே நிமிடத்தில் இன்னொருவர் வந்து அதே மாற்றத்தைச் செய்கிறார். அவருக்குப் பின்னால் மற்றொருவர். இப்போது நிருவாகி ஒருவர் தலையிட்டு, புதியவர்களும் பெயர் பதியாதவர்களும் அந்தப் பக்கத்தை ஒரு நாளைக்குத் தொட முடியாதபடி காப்புப் போடுகிறார். மறுநாள் நடிகர் வீடு திரும்புகிறார். இரவு நடந்தது யாருக்கும் தெரியாது.

பிரபலங்கள் உடல்நலம் குன்றும்போதெல்லாம் நடக்கும் கதை இது. கூகுளில் ஒரு பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்கும் பக்கங்களில் ஒன்று விக்கிப்பீடியாவினுடையது. பள்ளிப் பிள்ளையின் ஒப்படைப்பு முதல் பத்திரிகையாளரின் அவசரக் கட்டுரை வரை அங்கிருந்து எடுக்கப்படுகிறது. அப்படிப்பட்ட ஓர் இடத்தில் உண்மைக்கும் வதந்திக்கும் நடுவே, வேலை முடிந்து வந்து கணினி முன் உட்காரும் ஒருவர் இருக்கிறார். அவருக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

தனி மனிதர், கழகம், ஊர்

தமிழுக்குக் கலைக்களஞ்சியம் புதிதல்ல. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902-இல் ‘அபிதான கோச’த்தை வெளியிட்டார். ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டுகள் தனியொருவராகத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’யை அச்சிட ஆள் கிடைக்காமல் அலைந்தார். கடைசியில் பாண்டித்துரைத் தேவரின் துணையால் மதுரைத் தமிழ்ச் சங்கம் வழியாக 1910-இல் அது வெளிவந்தது. விடுதலைக்குப் பிறகு தி. சு. அவினாசிலிங்கத்தின் முயற்சியில் தமிழ் வளர்ச்சிக் கழகம் களமிறங்கியது. பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருக்க, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் ‘கலைக்களஞ்சியம்’ வந்தது. துறைக்குத் துறை அறிஞர்களைத் தேடிப் பிடித்து எழுத வைத்த பெரும்பணி அது.

முதலில் தனி மனிதர், பிறகு கழகம். மூன்றாவது வழி 2001-இல் பிறந்தது. ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் அதற்கு முந்தைய ஆண்டு ‘நூபீடியா’ என்றொரு இணையக் களஞ்சியத்தைத் தொடங்கியிருந்தார்கள். அறிஞர்கள் எழுதி, ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்டி வர வேண்டும் என்பது அதன் விதி. அது மூடப்பட்டபோது முழுதாகத் தேறி வந்த கட்டுரைகள் முப்பதைக்கூட எட்டவில்லை. அதற்குத் துணையாக, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று 2001 ஜனவரி 15 அன்று திறந்துவிட்ட விக்கிப்பீடியாவோ இன்று 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. பிரிட்டானிக்கா 2012-இல் தன் அச்சுப் பதிப்பை நிறுத்திக்கொண்டது.

தமிழ்ப் பதிப்பு 2003 செப்டம்பரில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த, ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அதன் தொடக்க நாட்களிலேயே வந்து சேர்ந்தார். தளத்தின் இடைமுகத்தைத் தமிழாக்கியதில் தொடங்கி, ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. சங்கப் புலவர்களைப் பற்றி முதிய வயதில் கட்டுரை கட்டுரையாக எழுதிக் குவித்தார் தமிழறிஞர் செங்கைப் பொதுவன். 2016-இல் மறைந்த இலங்கை எழுத்தாளரும் பதிப்பாளருமான பீ. எம். புன்னியாமீன் இன்னொருவர். இப்படிப் பலர் சேர்ந்து இழுத்ததில் 2017 மே மாதம் ஒரு லட்சமாவது கட்டுரை வந்தது.

ஆனால் அச்சுக் களஞ்சியத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. தூரனின் தொகுதி அச்சாகிவிட்டால் வேலை முடிந்தது. விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதி முடிக்கும் நாளில்தான் வேலை தொடங்குகிறது. அடுத்த நிமிடமே யாரும் அதைத் திருத்தலாம், கெடுக்கவும் செய்யலாம். அதனால் எழுதுகிறவரைப் போலவே பார்த்துக்கொள்கிறவரும் அங்கே தேவைப்படுகிறார்.

ஓர் ஆண்டு எண்ணுக்கு ஒரு மாலைப் பொழுது

விக்கிப்பீடியாவின் விதிகள் ஏராளம். அடிப்படை மூன்று: நடுநிலை நோக்கு, மெய்யறிதன்மை, சொந்த ஆய்வு கூடாது. எழுதுகிறவருக்கு என்ன தெரியும் என்பது அங்கே கணக்கில் வராது. நம்பத்தகுந்த நூலோ இதழோ என்ன சொல்கிறது, அதைக் காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. பேராசிரியருக்கும் பத்தாம் வகுப்பு மாணவிக்கும் ஒரே விதி. கேட்கச் சுலபமாக இருக்கும் இந்த விதியின்படி வேலை செய்வது எவ்வளவு கடினம் என்பது உள்ளே போனால்தான் புரியும்.

இதில் பங்களிக்கிறவன் என்ற முறையில், ஒரு சிறிய திருத்தம் எப்படிக் கையாளப்படுகிறது என்று சொல்கிறேன். பழைய தலைமுறை எழுத்தாளர் ஒருவரின் பிறந்த ஆண்டு கட்டுரையில் 1906 என்று இருக்கிறது. ஒருவர் வந்து அதை 1909 என்று மாற்றுகிறார். மேற்கோள் தரவில்லை. விசமத் தொகுப்பு என்று தள்ளிவிட மனம் வராது. எழுத்தாளரின் பேரப்பிள்ளையாகக்கூட இருக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவருடைய பழைய நூல்களைத் திறந்து முன்னுரைகளைப் பார்க்க வேண்டும். சாகித்திய அகாதெமியின் ‘இந்திய இலக்கியச் சிற்பிகள்’ வரிசையில் அவரைப் பற்றிய நூல் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். இலங்கைக்காரர் என்றால் ‘நூலகம்’ தளத்துக்குப் போக வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிக் குறைத்துப் போடுவது அந்தக் காலத்து வழக்கம். அதனால் ஒரு நூல் ஓர் ஆண்டையும் இன்னொரு நூல் வேறோர் ஆண்டையும் சொல்லும். அப்போது எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை தொகுப்பவருக்கு இல்லை. இரண்டு ஆண்டுகளையும் போட்டு, எந்த நூல் எதைச் சொல்கிறது என்று அடிக்குறிப்பு எழுத வேண்டும். பிறகு, மாற்றியவரின் பேச்சுப் பக்கத்துக்குப் போய், ‘உங்களிடம் சான்று இருந்தால் தாருங்கள்’ என்று கேட்க வேண்டும். ஒரே ஓர் எண்ணுக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும். படிக்கும் வாசகருக்கு அந்த எண்ணைக் கடக்க ஒரு நொடி ஆகாது.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய கட்டுரை என்றால் கவனம் இன்னும் கூட வேண்டும். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரைக் கென்னடி சகோதரர்களின் கொலையோடு தொடர்புபடுத்திய பொய் ஒன்று 2005-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் நான்கு மாதங்கள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அவர் அதைப் பகிரங்கமாகக் கண்டித்த பிறகே, பெயர் பதியாதவர்கள் அங்கே புதுக் கட்டுரை தொடங்க முடியாது என்ற கட்டுப்பாடு வந்தது. வாழும் மனிதர்களைப் பற்றிய தனிக் கொள்கை உருவானதும் அதை ஒட்டித்தான். அதே ஆண்டு டிசம்பரில் ‘நேச்சர்’ இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை ஒப்பிட்டு, சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழையும் பிரிட்டானிக்காவில் மூன்று பிழையும் இருப்பதாகச் சொன்னது. பிரிட்டானிக்கா அந்த முடிவை ஏற்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பல கண்கள் பார்க்கும் கட்டுரை தேறிவிடுகிறது. யாரும் பார்க்காத கட்டுரையில் பொய் குடியேறிவிடுகிறது.

தமிழில் அதிகச் சண்டை எதில் என்று கேட்டால், அனுபவமுள்ள தொகுப்பாளர்கள் யோசிக்காமல் சொல்வார்கள்: சாதி. ஒரு பேரரசனை மூன்று நான்கு சமூகத்தார் தம்மவர் என்று உரிமை கொண்டாடுவார்கள். ஒருவர் ஒரு பெயரைச் சேர்ப்பார். அடுத்தவர் அதை நீக்கித் தம் பெயரைப் போடுவார். சான்று என்று கொடுப்பது பெரும்பாலும் சாதிச் சங்கத்து மலராக இருக்கும், அல்லது திருமண மண்டபத் திறப்பு விழா மேடைப் பேச்சாக இருக்கும். கல்வெட்டுகளும் வரலாற்றறிஞர்களின் நூல்களும் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்து வசவையும் வாங்கிக்கொண்டு, மரியாதை குறையாமல் பதில் எழுதுவது சாதாரணப் பொறுமை இல்லை. அந்தப் பொறுமைதான் ஒரு தொகுப்பாளரின் முதல் தகுதி என்று நான் நம்புகிறேன்.

மூன்று பொத்தான்கள்

நிருவாகி என்றதும் பலர் அவரை ஆசிரியர் குழுத் தலைவராக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவரிடம் கூடுதலாக இருப்பவை சில பொத்தான்கள். பக்கத்தை நீக்கலாம், காப்புப் போடலாம், தொல்லை தருபவரைத் தடை செய்யலாம். முக்கியமானவை இந்த மூன்றும்தான். கட்டுரையில் எது இருக்க வேண்டும் என்பதில் அவருடைய சொல்லுக்குத் தனி எடை கிடையாது. மேற்கோள் இல்லாமல் நிருவாகி எழுதினால், நேற்று வந்தவர்கூட ‘சான்று தேவை’ என்று வார்ப்புரு ஒட்டலாம். தானே ஒரு தகராறில் இறங்கிவிட்டால், அந்தப் பக்கத்தில் பொத்தானைப் பயன்படுத்தாமல் வேறொரு நிருவாகியை அழைப்பதுதான் முறை.

இந்தப் பொறுப்பு வருவதும் சமூகத்தின் சம்மதத்தால்தான். ஒருவர் பெயரைப் பரிந்துரைத்ததும் மற்றவர்கள் அவருடைய பழைய தொகுப்புகளைப் புரட்டிப் பார்ப்பார்கள். எவ்வளவு எழுதினார் என்பதைவிட, சண்டை வந்தபோது எப்படிப் பேசினார் என்று பார்ப்பவர்கள் அதிகம். ஆதரவும் எதிர்ப்பும் காரணத்தோடு பதிவாகும். பொறுப்பு கிடைத்த பிறகு அவர் அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும் ‘பதிகை’ என்ற பொதுப் பதிவேட்டில் ஏறும். எந்தப் பக்கத்தை, எந்த நேரத்தில், என்ன காரணம் சொல்லி நீக்கினார் என்பதை உலகில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் அரசு அலுவலகங்களில் ஒரு கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டியிருக்கிறது. இங்கே எல்லாம் திறந்தே கிடக்கிறது.

பொத்தானை அழுத்தாமல் இருப்பதில்தான் ஒரு நல்ல நிருவாகி தெரிவார். பள்ளி மாணவர் ஒருவர் தன் ஊரைப் பற்றி முதல் கட்டுரை எழுதுகிறார். ‘எங்கள் ஊர் மிகவும் அழகான ஊர், இங்கே அனைவரும் ஒற்றுமையாக வாழ்கிறோம்’ என்று நான்கு வரி. விதிப்படி பார்த்தால் இது கலைக்களஞ்சியக் கட்டுரை இல்லை. நீக்க அரை நிமிடம் போதும். ஆனால் அரை மணி நேரம் ஒதுக்கினால் வேறொன்று நடக்கும். அந்த வரிகளை அவருடைய ‘மணல்தொட்டி’ என்ற பயிற்சிப் பக்கத்துக்கு மாற்றி, எந்த வட்டம், எந்த ஊராட்சி, எந்த ஆற்றின் கரை, 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை எவ்வளவு என்று தேடி எழுதச் சொல்லி, வேறோர் ஊரைப் பற்றிய நல்ல கட்டுரையை மாதிரிக்குக் காட்டலாம். முதல் வழியில் அந்த மாணவர் திரும்பி வரமாட்டார். இரண்டாவது வழியில், சில ஆண்டுகளில் அவரே அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பார். தமிழ் விக்கிப்பீடியாவில் புதியவர் கேள்வி கேட்க ‘ஒத்தாசைப் பக்கம்’ இருக்கிறது. எல்லோரும் கூடிப் பேச ‘ஆலமரத்தடி’ இருக்கிறது. அவை உயிரோடு இருக்க வேண்டுமானால் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

கண்கள் குறைந்தால் என்ன ஆகும்?

சிறிய மொழிகளின் விக்கிப்பீடியாக்களில் நடந்தவற்றை நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

குரோவாசிய மொழிப் பதிப்பில் ஒரு சிறு குழு நிருவாகப் பொறுப்புகளைக் கைப்பற்றியது. இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டில் நடந்த பாசிசக் கொடுமைகளைச் சின்னதாக்கிக் காட்டும் கட்டுரைகள் பெருகின. மறுத்தவர்கள் தடை செய்யப்பட்டார்கள். நாட்டின் கல்வி அமைச்சரே 2013-இல், மாணவர்கள் அந்தப் பதிப்பை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தார். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை இது குறித்த விரிவான அறிக்கையை வெளியிட 2021 வரை ஆனது. அந்த மொழி பேசுபவர்கள் லட்சக்கணக்கில் இருந்தும், உள்ளே வந்து கேள்வி கேட்கத் துணிந்தவர்கள் போதவில்லை.

ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழிப் பதிப்பில் நடந்தது வேறு மாதிரி. அந்த மொழி தெரியாத அமெரிக்கச் சிறுவன் ஒருவன் பல ஆண்டுகளாக அகராதியை வைத்து ஆங்கிலத்தைத் திரித்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியிருந்தது 2020-இல் வெளியே வந்தது. கெட்ட எண்ணம் எதுவும் அவனுக்கு இல்லை. நிருவாகியாகவும் ஆகியிருந்தான். அத்தனை ஆண்டுகளும் அவனைத் தடுத்துச் சொல்ல அந்த மொழிக்காரர் போதிய பேர் அங்கே இல்லாமல் போனதுதான் சோகம். கிரீன்லாந்து மொழிப் பதிப்பின் கதி இன்னும் மோசம். மொழி அறியாதவர்கள் இயந்திர மொழிபெயர்ப்பைக் கொட்டிக் கொட்டி நிரப்பியதால், 2025-இல் அதன் நிருவாகியே அதை மூடிவிடும்படி கேட்டுக்கொள்ள, மூட முடிவாயிற்று.

தமிழும் இப்படியொரு சோதனையைச் சந்தித்தது. 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுள் நிறுவனம் ஊதிய மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு, தன் மொழிபெயர்ப்புக் கருவியின் வழியாக ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஏற்றியது. நீளமான கட்டுரைகள் வேகமாக வந்தன. கட்டுரை அளவு கூடியது. ஆனால் பல வாக்கியங்களைத் தமிழ் வாசகர் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. தலைப்புகள் தமிழருக்கு எது தேவை என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. பேச்சுப் பக்கத்தில் கேட்டால் பதில் வருவது அரிது. தமிழ் விக்கிப்பீடியர்கள் சும்மா இருக்கவில்லை. குறைகளைப் பட்டியலிட்டு நிறுவனத்தோடு பேசினார்கள். எந்தத் தலைப்பு, என்ன தரம் என்பதைச் சமூகமே சொல்லும் என்று நின்றார்கள். போலந்தின் கிதான்ஸ்கில் 2010-இல் நடந்த உலக விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் அ. இரவிசங்கர் இதைப் பற்றிய ஆய்வுரையை வாசித்தார். எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல் தரத்தைக் கேட்டது அந்தச் சின்னஞ்சிறு சமூகம். இன்று செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் ஒரு கட்டுரையைத் துப்பும் காலத்தில், அந்த நிலைப்பாடு எவ்வளவு தொலைநோக்கு உடையது என்று புரிகிறது.

செயற்கை நுண்ணறிவின் மொழி மாதிரிகளுக்குப் பயிற்சி தரும் நிறுவனங்கள் விக்கிப்பீடியாவை அள்ளிக்கொண்டு போகின்றன. ஆங்கிலத்துக்கு வேறு ஆயிரம் ஊற்றுகள் உண்டு. இணையத்தில் எழுத்து குறைவாக உள்ள மொழிகளுக்கு விக்கிப்பீடியாவே பெரிய ஊற்று. தமிழ்க் கட்டுரையில் உள்ள ஒரு பிழையை மாதிரி கற்றுக்கொள்ளும். அதைக் கேட்டுப் பெற்ற ஒருவர் இதழில் எழுதுவார். அந்த இதழையே சான்றாகக் காட்டி இன்னொருவர் விக்கிப்பீடியாவில் சேர்ப்பார். பொய் ஒரு சுற்றுச் சுற்றி, சான்றோடு வந்து உட்கார்ந்துவிடும். இந்தச் சுற்றை எங்காவது அறுக்க முடியுமானால், அது முதல் பிழையை ஒரு மனிதக் கண் பிடிக்கும் இடத்தில்தான்.

பல நாட்டுத் தமிழ், ஒரே பக்கம்

தமிழ்நாட்டவரும் ஈழத்தவரும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரும் ஒரே பக்கத்தை நாள்தோறும் சேர்ந்து எழுதும் இடம் வேறு எங்கே இருக்கிறது? நாம் வேதியியல் என்போம், ஈழத்தவர் இரசாயனவியல் என்பார்கள். நமக்குக் கால்பந்து, அவர்களுக்கு உதைபந்தாட்டம். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு ஆலமரத்தடியில் ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது. ஒருவர் வைக்கும் தலைப்பில் தேடினாலும் மற்றவர் கட்டுரைக்கு வந்து சேர ‘வழிமாற்று’ என்ற ஏற்பாடு உண்டு. கட்டுரைக்குள் முதலில் எழுதியவரின் நடையை மதிப்பது நல்ல வழக்கமாக இருந்துவருகிறது. மாநாட்டுத் தீர்மானங்களால் ஆகாத ஒன்றை, ஒருவரை ஒருவர் பார்த்தே இராத மனிதர்கள் விட்டுக்கொடுத்து ஆக்கியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டு அரசும் சில நல்ல காரியங்கள் செய்திருக்கிறது. 2010 கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டிக் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி நடத்தியது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் கட்டற்ற உரிமத்தில் தந்ததால், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள், நூல்களுக்கான சகோதரத் தளமாகிய தமிழ் விக்கிமூலத்துக்கு வந்தன. சான்று தேடுபவருக்கு அது பெரும் புதையல்.

இன்னும் நிரம்பாத இடங்கள் பல. நூலில் ஏறாத அறிவு விக்கிப்பீடியாவுக்குள் வருவது கடினம். ஓர் ஊர்த் தெய்வத்தின் கதை, ஒரு கூத்து வாத்தியாரின் பரம்பரை, ஒரு மீனவக் கிராமத்தின் காற்றுக் கணக்கு ஆகியவற்றை அறிந்த பெரியவர் எதிரில் உட்கார்ந்திருந்தும், அச்சில் சான்று கேட்கும் விதி குறுக்கே நிற்கிறது. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 2011-இல் வாய்மொழியை மேற்கோளாக்கும் முயற்சி ஒன்று நடந்தது. அது விதியாக நிலைபெறவில்லை. எனவே நம் பல்கலைக்கழகங்களும் சிற்றிதழ்களும் அந்தப் பெரியவர்களைப் பதிவு செய்து வெளியிட வேண்டும். சான்று இருந்தால் கட்டுரை தானாக வரும். பெண்களின் நிலையும் கவலைக்குரியது. ஆங்கிலப் பதிப்பிலேயே வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளில் பெண்களைப் பற்றியவை 2014 வாக்கில் 15 விழுக்காடு அளவில்தான் இருந்தன. அதற்கென்றே ஓர் இயக்கம் இறங்கி உழைத்து, ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறது. எழுதுகிறவர்களில் பெண்கள் கூடினால்தான் எழுதப்படுகிறவர்களிலும் கூடுவார்கள்.

பெயர் வெளியில் வராத உரிமை

தன்னார்வலர்களுக்கு ஆபத்தும் உண்டு. ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தன்னைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைக்காக விக்கிமீடியா அறக்கட்டளை மீது 2024-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடர்ந்தது. கட்டுரையைத் தொகுத்தவர்களின் விவரங்களும் கேட்கப்பட்டன. வழக்கைப் பற்றி எழுதப்பட்ட தனிக் கட்டுரை நீதிமன்ற உத்தரவால் நீக்கப்பட்டது. அந்த நீக்க உத்தரவை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவதூறு என்று நினைப்பவர் நீதிமன்றம் போவது அவர் உரிமை. ஆனால் சான்றோடு ஒரு வரி எழுதிய சாதாரணக் குடிமகன், தன் பெயரும் முகவரியும் எப்போது கேட்கப்படுமோ என்று பயந்துகொண்டு எழுத வேண்டிய நிலை வந்துவிடக் கூடாது. புனைபெயரில் எழுதும் மரபு தமிழ் இதழியலுக்குப் புதிதில்லை. எழுதியது சரியா என்று சான்றை வைத்துப் பார்க்கட்டும். ஆளைத் தேடுவது கலைக்களஞ்சியத்துக்கு நல்லதல்ல.

வெளி மிரட்டலைவிட அதிகமாக ஆட்களை இழக்க வைப்பது களைப்பு. ஒரே விசமி பத்துப் பெயர்களில் திரும்பத் திரும்ப வருவதும், செய்த உதவிக்கு வசவு கிடைப்பதும், சின்ன விஷயத்துக்கு நண்பர்களே முட்டிக்கொள்வதும் ஒருவரைச் சோர்ந்துபோக வைக்கும். அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒதுங்கிவிடுவார். அவர் பார்த்துக்கொண்டிருந்த ஆயிரம் பக்கங்கள் அன்று முதல் அநாதை. அந்தப் பாரத்தைச் சிலர் தலையில் மட்டும் ஏற்றி வைத்திருப்பது நாம்தான்.

என்ன செய்யலாம்?

விக்கிப்பீடியாவுக்குப் பங்களிக்கப் புலமை வேண்டாம், அனுமதி வேண்டாம். ஒரு பயனர் கணக்கு போதும். முதல் நாளே கட்டுரை எழுத உட்கார வேண்டாம். உங்கள் ஊர், உங்கள் கல்லூரி, உங்கள் தொழில் பற்றிய கட்டுரையைத் திறந்து படியுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். ‘மேற்கோள் தேவை’ என்று நிற்கும் வரிக்கு வீட்டிலோ நூலகத்திலோ உள்ள நூலின் பெயரையும் பக்க எண்ணையும் சேருங்கள். ஊர்க் கோயிலை, ஏரியை, சந்தையை நீங்களே படமெடுத்து, படங்களுக்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். உங்களைப் பற்றியும், உங்கள் நிறுவனத்தைப் பற்றியும், உங்கள் வீட்டாரைப் பற்றியும் எழுதாதீர்கள். யாராவது உங்கள் தொகுப்பை மீளமைத்தால் கோபப்படாமல் பேச்சுப் பக்கத்தில் காரணம் கேளுங்கள். அங்கேதான் பெரும்பாலானோர் தொழில் கற்றுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு முக்கியமான ஒன்று இருக்கிறது. கட்டுரையின் மேலே ஒரு நட்சத்திரக் குறி உண்டு. அதை அழுத்தினால் அந்தப் பக்கம் உங்கள் கவனிப்புப் பட்டியலில் சேரும். பிறகு யார் அதைத் தொட்டாலும் பட்டியலைத் திறந்ததும் உங்களுக்குத் தெரியும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சங்கப் புலவர்களைப் பார்த்துக்கொள்ளலாம். செவிலியர் நோய்களைப் பற்றிய கட்டுரைகளைப் பார்த்துக்கொள்ளலாம். விவசாயி நெல் வகைகளை, மெக்கானிக் இயந்திரங்களை, கல்லூரித் துறை ஒன்று தன் பாடத்தையே ஏற்றுக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். அப்படித் தொடர்ந்து பார்ப்பவர்களிலிருந்துதான் நாளைய நிருவாகிகள் வருவார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்குப் பதினைந்து கட்டுரை என்று பத்தாயிரம் பேர் பொறுப்பெடுத்தால், ஒன்றரை லட்சம் கட்டுரைகளில் ஒன்றுகூட ஆளில்லாமல் நிற்காது. ஏறத்தாழ எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழி இது. பத்தாயிரம் பேரைத் தருவது அதற்குப் பெரிய காரியமே இல்லை.